ஒன்றே முக்காலை அரையால் வகுக்க ஒரு கதை: பத்துக்குப் பூஜ்யம் வாங்கினேன்

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். தொடக்கப்பள்ளி ஆசிரியர் படிப்பில் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறேன். ஒரு புலம்பல், ஒரு கேள்வி. புலம்பலை முதலில் கொட்டிவிடுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கில் நன்றாகவே வந்தவன். நுண்கணிதம் வரை போட்டுப் பார்த்தவன். இங்கே ‘தொடக்க வகுப்புகளுக்கான கணிதம்’ என்று ஒரு தாள். முதல் வாரம் முழுக்க 52-இல் 27-ஐக் கழித்தோம். தாளில் இல்லை, குச்சியில். ஐந்து பத்துக்கட்டு, இரண்டு தனிக்குச்சி. ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும், எண்ண வேண்டும், எடுத்துவிட்டு மிச்சத்தைக் கட்ட வேண்டும். மீசை முளைத்தவர்களும் தாலி கட்டியவர்களுமாக நாற்பது பேர் ரப்பர் பேண்டோடு மல்லாடிக்கொண்டிருந்தோம். ஒருவன் குச்சியைத் தப்பாகவும் எண்ணிவிட்டான்.

அப்புறம் அசைன்மெண்ட். ‘1¾ ÷ ½ என்பதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கு எழுதிப் படம் வரைந்து விளக்குக.’ நான் எழுதியது இது: ‘தையல்காரர் ஒருவரிடம் 1¾ மீட்டர் நாடா இருந்தது. அதை இரண்டு பேருக்குச் சரிபாதியாகக் கொடுத்தார். ஒருவருக்கு எவ்வளவு கிடைக்கும்?’ கீழே விடையும் போட்டேன். தலைகீழாக்கிப் பெருக்கு, ஏழு கீழ் நான்கு பெருக்கல் இரண்டு, 3½. பத்துக்குப் பூஜ்யம் வந்தது. விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘1¾ மீட்டர் வைத்திருந்தவர் ஆளுக்கு 3½ மீட்டர் எப்படிக் கொடுத்தார்?’

சரி, தப்புதான். ஆனால் விடை சரிதானே, அதற்குப் பாதி மதிப்பெண்ணாவது தரக்கூடாதா?

இது ஒன்றுதான் என்றால் விட்டிருப்பேன். பாடக்குறிப்பில் ‘மாணவர்கள் பின்னத்தைப் புரிந்துகொள்வர்’ என்று எழுதினால், புரிந்துகொண்டது உனக்கு எப்படித் தெரியும் என்று திருப்பித் தருகிறார்கள். உற்றுநோக்கல் பதிவேட்டில் ஒரு பையனைப் பற்றி ‘சோம்பலாக இருந்தான்’ என்று எழுதினேன். சிவப்பு வட்டம். ‘நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்’ என்று குறிப்பு. நான் பார்த்ததே சோம்பலைத்தான்! உளவியல் தாளில், குழந்தைகளின் சிந்தனை வளர்வதற்குப் பியாஜே என்ற உளவியலாளர் வகுத்த நான்கு நிலைகள், எந்த வயதில் எது என்று மனப்பாடம்.

இப்போது கேள்வி. வகுப்புக்குள் போனபின் இதெல்லாம் உண்மையில் உதவுகிறதா, இல்லை சான்றிதழுக்காகத் தாண்டும் வேலிதானா? அடுத்த செமஸ்டரில் விருப்பப் பாடம் ஒன்று எடுக்க வேண்டும். ‘வாசிப்பு கற்பித்தல்’ அல்லது ‘கல்வித் தொழில்நுட்பம்’. முதலாவதில் வேலை அதிகம் என்கிறார்கள், ஒரு குழந்தையைப் பத்து வாரம் தொடர்ந்து பார்த்து எழுத வேண்டுமாம். எனக்கோ வாசிப்பில் கற்பிக்க என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. எழுத்து தெரிந்தால் படிப்பார்கள். வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கடைசி பெஞ்ச்:

தம்பி, பாதி மதிப்பெண்ணை மறந்துவிடு. விடைக்குப் போட்ட கணக்கு அல்ல அது.

மற்றபடி நீ புலம்புவதில் நியாயம் இருக்கிறது. எனக்குப் படிப்பு முடிந்து ஆறு வருடம். கல்லூரியில் ஒரு பாடத்துக்கு நான்கு பக்கம் பாடக்குறிப்பு எழுதினேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு பாடவேளை எடுக்கிறவன் அப்படி எழுதினால் தூங்குவது எப்போது? துணைக்கருவி என்ற பெயரில் சார்ட் வெட்டி, ஜிகினா ஒட்டி, விரலில் பசை போகவே இல்லை. அதில் பாதி, மதிப்பீட்டுக்கு வருகிறவர் கண்ணுக்குத்தான், குழந்தைக்கு இல்லை. தொழில்நுட்பம் எடு, நிம்மதியாக முடி.

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

கணக்குப்பிள்ளை தம்பி, உங்கள் விரிவுரையாளர் எழுதிய அந்த ஒரு வரியைக் கத்தரித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது வருடமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். படிக்கிற காலத்தில் எனக்கும் இதே கணக்கு வந்தது, நானும் இதே தப்பைத்தான் செய்தேன். நாடாவுக்குப் பதில் தண்ணீர் என்று எழுதியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

நமக்குத் துணைக்கு ஆள் உண்டு. இந்தக் கணக்கு ரொம்பப் பிரபலம். லிப்பிங் மா என்ற ஆய்வாளர் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 23 பேர், சீனாவில் 72 பேர் என்று தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் இதையே கேட்டார். சீன ஆசிரியர்கள் 72 பேரும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் 9 பேர்தான். கதை எழுதச் சொன்னபோது, அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் குழப்பிக்கொண்டவர்கள் அமெரிக்கப் பக்கம் நிறைய. இதில் என்னை உட்காரவைத்த விஷயம் வேறு. மொத்தமாகக் கல்வி நிலையங்களில் செலவிட்ட வருடங்களைக் கணக்குப் பார்த்தால் சீன ஆசிரியர்கள்தான் குறைவாகப் படித்தவர்கள். ஒன்பதாம் வகுப்பு, அதற்குமேல் இரண்டு மூன்று வருட ஆசிரியர் பயிற்சி. நீங்கள் போட்ட நுண்கணிதம் உங்களை ஏன் காப்பாற்றவில்லை என்று இப்போது புரிகிறதா?

உங்கள் நாடாவையே எடுத்துக்கொள்வோம். 1¾ மீட்டர் நாடாவை அரை மீட்டர் அரை மீட்டராக வெட்டினால் எத்தனை துண்டு? இதுதான் கதை. வெட்டிப் பாருங்கள். மூன்று துண்டு வரும், கால் மீட்டர் மிஞ்சும். இந்த இடத்தில் ஒரு குழந்தை கட்டாயம் கை தூக்கும்: “மூணே கால், மிஸ்!” தாளில் விடை மூன்றரை. குழந்தை சொன்னதும் பொய்யில்லை, மிஞ்சியது கால்தான். ஆனால் அது கால் மீட்டர், துண்டுக் கணக்கில் அரைத் துண்டு. எதை ஒன்று என்று வைத்து அளக்கிறோம் என்பது நடுவில் மாறிவிட்டது. ‘தலைகீழாக்கிப் பெருக்கு’ மட்டும் தெரிந்தவர் அந்தக் குழந்தையைத் ‘தப்பு, உட்காரு’ என்று உட்காரவைத்துவிடுவார். நான் இரண்டு வருடம் உட்காரவைத்திருக்கிறேன்.

இந்தச் சரக்குக்கு ஒரு பெயரும் இருக்கிறது. லீ ஷுல்மன் என்பவர் 1986-இல் வைத்தார். பாடம் தெரிவது ஒன்று, கற்பிக்கும் முறை தெரிவது இன்னொன்று, இந்தப் பாடத்தில் இந்த வயதுக் குழந்தை எங்கே சறுக்கும், எந்தப் படம் போட்டால் எழும் என்று தெரிவது மூன்றாவது. ‘கற்பித்தல்சார் பாட அறிவு’ என்று உங்கள் புத்தகத்தில் வறட்சியாகப் போட்டிருப்பார்கள். சறுக்கிய ஒரு குழந்தையைப் பார்த்த பிறகு அதைப் படித்தால் வறட்சியாகத் தெரியாது.

குச்சிக் கட்டுக்கு வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு பையன் பத்துக் கழித்தல் கணக்கில் பத்தும் தப்பு. 52-இல் 27 போனால் 35 என்று எழுதியிருந்தான். பத்திலும் அதே ரகம். நான் என்ன செய்தேன்? இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தேன். அதையும் அதே மாதிரி தப்பாக, ஆனால் அழகான கையெழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான். அப்போதுதான் எப்படிப் போட்டாய் என்று கேட்கத் தோன்றியது. “ரெண்டுல ஏழு போகாது மிஸ், அதனால ஏழுல ரெண்டைக் கழிச்சேன்” என்றான். கவனக்குறைவு என்று நான் ஒரு வாரமாக நினைத்திருந்தது, அவன் பக்கத்தில் ஒரு சட்டம். அதைத் தவறாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான்.

குச்சியை எடுத்துக் கொடுத்தேன். கட்டை அவிழ்த்தான், பன்னிரண்டில் ஏழை எடுத்தான், 25 வந்தது. நான் “பார்த்தியா, பக்கத்துல கடன் வாங்கினோம்” என்றேன். அவன், “இது என்கிட்ட இருந்த கட்டுதானே மிஸ், யார்கிட்ட கடன் வாங்கினேன்?” என்று கேட்டான். அன்றோடு என் வகுப்பில் ‘கடன் வாங்கு’ என்ற சொல் போயிற்று. ‘கட்டை அவிழ்’ என்றுதான் சொல்கிறேன். பெற்றோர் சிலருக்கு இன்னும் வருத்தம், அவர்கள் வீட்டில் கடன்தான் வாங்குகிறார்கள். நீங்கள் ரப்பர் பேண்டோடு மல்லாடியது இதற்காகத்தான் தம்பி. குச்சியைத் தப்பாக எண்ணிய அந்த நண்பர் உங்களைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டிருப்பார்.

உளவியல் தாளில் எனக்கும் பெரிய மரியாதை கிடையாது. நிலைகளையும் வயதுகளையும் மனப்பாடம் செய்தது பரீட்சைக்கு மட்டும்தான். ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டது. பியாஜேயின் சோதனையில் இரண்டு வரிசையில் சமமாகக் காய்களை வைத்து, ஒரு வரிசையை மட்டும் அகட்டி வைத்துவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று திரும்பக் கேட்பார்கள். சின்னக் குழந்தைகள் நீளமான வரிசையைக் காட்டும். 1970-களில் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதையே வேறு மாதிரி செய்தார்கள். பெரியவர் அகட்டாமல், ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோல் வைத்தார்கள். இப்போது சமம் என்று சொன்ன குழந்தைகள் பல மடங்கு கூடினார்கள். பெரியவர் தானே மாற்றிவைத்து, கேட்டதையே மறுபடி கேட்டால், முன்பு சொன்னதை மாற்றச் சொல்கிறார் என்று குழந்தை எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தரப்பு. நாளைக்கே சோதித்துப் பாருங்கள். சரியான விடை சொன்ன குழந்தையிடம் ‘நல்லா யோசிச்சியா?’ என்று கேளுங்கள். உடனே மாற்றிவிடும். நான் இப்போது சரிக்கும் தப்புக்கும் ஒரே குரலில் ‘எப்படி வந்தது?’ என்றுதான் கேட்கிறேன்.

பாடக்குறிப்பு விஷயத்தில் கடைசி பெஞ்ச் சார் பக்கம்தான் நான். நான்கு பக்கம் யாரும் எழுதுவதில்லை. என் டைரியில் மூன்று வரி: குழந்தைகள் இன்று என்ன செய்வார்கள், எங்கே இடறுவார்கள், இடறவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும். ஆனால் இந்த மூன்று வரி சுருங்கி வர, நாற்பது ஐம்பது நீளக் குறிப்பு எழுதித்தான் ஆக வேண்டியிருந்தது. ‘புரிந்துகொள்வர்’ என்பதை அடித்தது சரி. ‘நாடாவை வெட்டி, மிஞ்சியது எத்தனை துண்டு என்று சொல்வர்’ என்று எழுதிக் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.

சோம்பல் பற்றி: கண்ணால் பார்த்தது என்ன? பென்சிலை எத்தனை தடவை கீழே போட்டான், எந்த வரியில் நிறுத்தினான், பக்கத்தில் இருப்பவன் நோட்டை எப்போது பார்த்தான்? எழுதிவிட்டு மறுபடி படியுங்கள். சில நேரம் சோம்பல் கரும்பலகை தெரியாத கண்ணாக மாறிவிடும். அனுபவித்துச் சொல்கிறேன்.

எழுத்தாணி:

டீச்சர் கணக்கை முடித்துவிட்டார். நான் வாசிப்புக்கு மட்டும் வருகிறேன், ஏனென்றால் ‘எழுத்து தெரிந்தால் படிப்பார்கள்’ என்ற வரி என்னைத் தூங்கவிடாது.

தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். 247 எழுத்தையும் அட்டையில் காட்டினால் கடகடவென்று சொல்லும் குழந்தை, ‘கொக்கு’ என்று எழுதியதை ‘கெ... ஆ... க்கு’ என்று படிக்கும். யோசித்துப் பாருங்கள், அது செய்தது நியாயம். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கூடவே ஒரு துணைக்கால் வேறு. இடமிருந்து வலம் ஒவ்வொன்றாகப் படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த இடத்தில் மட்டும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு வாயைத் திற என்கிறோம். ‘கௌதாரி’யில் வருவது ‘ள’ இல்லை என்று எந்தக் குழந்தைக்கு யார் சொன்னார்கள்? ‘கல்’, ‘தங்கம்’, ‘பகல்’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஒரே ‘க’, மூன்று ஒலி. தமிழ் பேசி வளர்ந்த நமக்குக் காதில் விழுவதே இல்லை. வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தைக்கு விழும், அதனால் திணறும்.

இதைத் தாண்டினாலும், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து வரியின் கடைசிக்கு வரும்போது முதல் சொல் மறந்திருக்கும். அது சரளம். சரளமாக ஓடியும், என்ன படித்தாய் என்றால் விழிக்கும். அது பொருள். அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் கொடுத்த அறிக்கை ஒலி உணர்வு, எழுத்து–ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், பொருளுணர்தல் என்று ஐந்தாகப் பிரித்தது. ஆங்கிலத்துக்காக எழுதியது, அப்படியே தமிழுக்குத் தூக்கிவர முடியாது. ஆனால் ‘படிக்க வரவில்லை’ என்ற ஒரே சொல்லுக்குள் ஐந்து வேறு நோய் இருக்கலாம் என்பது இங்கும் உண்மை. எந்த நோய் என்று தெரியாமல் எல்லோருக்கும் ‘பத்து தடவை எழுது’ என்று ஒரே மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு குழந்தையைப் பத்து வாரம் பார்க்கச் சொல்கிறார்கள் என்றால் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வந்தபின் அந்த வசதி கிடைக்காது. கருவிகளை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

கடைசி பெஞ்ச்:

கௌதாரியில் நான் மாட்டிக்கொண்டேன். இத்தனை நாள் நானே அதை ‘ள’ போட்டுத்தான் தட்டச்சு செய்திருக்கிறேன். வாபஸ். வாசிப்பையே எடு தம்பி.

ஜிகினா பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி. டீச்சர், நீங்கள் சொன்ன ‘மூன்றே கால்’ குழந்தை வேறு யாரும் இல்லை, நான்தான். நேற்று ராத்திரி அட்டையை வெட்டிப் பார்த்தேன். மூன்று துண்டும் ஒரு குட்டித் துண்டும் மேசையில் கிடக்க, விடை மூன்றரை என்று தெரிந்தும் கை ‘மூன்றே கால்’ என்றுதான் எழுதப் போயிற்று. இத்தனை வருடம் தலைகீழாக்கிப் பெருக்கியபோது இந்தக் குட்டித் துண்டு எங்கே ஒளிந்திருந்தது?

ஒரு சந்தேகம். அடுத்த வாரம் நுண்நிலைக் கற்பித்தல் தொடங்குகிறது. சக மாணவர்களையே குழந்தைகளாக உட்காரவைத்துப் பத்து நிமிடம் பாடம் எடுக்க வேண்டுமாம், ஒரு திறனை மட்டும் பயிற்சி செய்ய வேண்டுமாம். கேள்வி கேட்கும் திறனை எடுக்கலாம் என்றிருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

கடிகாரத்தை. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத குழந்தைகளும் பேசுகின்றன. கேட்க எளிது, வகுப்பில் மூன்று விநாடி அமைதி மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். ஆனால் உங்கள் நண்பர்கள் எட்டு வயதுக் குழந்தையாக நன்றாக நடிக்க மாட்டார்கள். உண்மையான குழந்தை ஒன்று வீட்டில் இருந்தால் அதனிடம் 8 + 4 = ☐ + 5 என்று எழுதிக் காட்டி, கட்டத்தில் என்ன வரும் என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆறாம் வகுப்புக் குழந்தைகள் 145 பேரும் 12 அல்லது 17 என்றே சொன்னார்கள், 7 என்று ஒருவர்கூட இல்லை. சமக்குறி என்றால் ‘விடையை எழுது’ என்ற கட்டளை என்று நினைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:

செய்துவிட்டேன். அக்கா மகள், நான்காம் வகுப்பு. பன்னிரண்டு என்றாள். ‘எப்படி வந்தது?’ என்று கேட்டேன், அது வரைக்கும் சரி. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டால், நான் கேட்டு முடித்த கையோடு “இந்தப் பக்கம் அஞ்சு இருக்கே, பார்க்கலையா?” என்று நானே சொல்லியிருக்கிறேன். ஒரு விநாடிகூட இல்லை. அவள் “ஓ, அப்ப பதினேழு” என்றாள். உடனே நான் தராசு, சமநிலை என்று இரண்டரை நிமிடம் பேசியிருக்கிறேன். அவள் குரல் அதற்கப்புறம் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது: “மாமா, நான் போகட்டுமா?”

இதை அப்படியே அசைன்மெண்டாகக் கொடுக்கலாமா, இல்லை வேறு குழந்தை பார்க்கட்டுமா?

மூன்றாம் வகுப்பு டீச்சர்:

அப்படியே கொடுங்கள். இரண்டரை நிமிடத்தையும் வெட்டாமல் சொல் சொல்லாக எழுதுங்கள். குழந்தையை மாற்ற வேண்டாம், அவளிடமே இரண்டு நாள் கழித்துப் போங்கள். இந்தத் தடவை தராசு வேண்டாம். 7 = 7 என்று மட்டும் எழுதிக் காட்டி, சரியா தப்பா என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள்.

கணக்குப்பிள்ளை:

வாசிப்பு கற்பித்தலுக்குப் பெயர் கொடுத்தாயிற்று. சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன்.